ஆயிரத்து இருநூறு ஜோடிச் செருப்பும் ஒரு முனைவர் பட்டமும்

மூர்த்தி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடத்திலும் சேர்ந்துவிட்டது. ஆய்வேடு மட்டும் மூன்றாம் அத்தியாயத்தை விட்டு நகரவில்லை. இரண்டு முறை தவணை கொடுத்த பல்கலைக்கழகம், மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்பதை மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவன் பாடம் நடத்திய தனியார் கல்லூரியோ, பட்டம் இல்லாவிட்டால் ஜூனில் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மரியாதை இல்லாத தமிழில் சொல்லிவிட்டது.

அவனுடைய நெறியாளர் ராமதாஸ் சென்னையில் பெரிய பேராசிரியர். கிடங்கு, சரக்கிருப்பு, விநியோகம் என்று பேச ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தமாட்டார். அவர் வீட்டில் கேஸ் தீர்ந்த பிறகுதான் அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்வார்கள் என்பது வேறு விஷயம். மூர்த்தி கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்காரன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு நடக்கிறார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் செருப்பு என்பது சரக்கு, செருப்புக் கடை என்பது கிடங்கு, பக்தர் என்பவர் வாடிக்கையாளர். ஒரே ஒரு பௌர்ணமிக்கு அந்தக் கிடங்கை விஞ்ஞானபூர்வமாக நடத்திக் காட்டினால் நான்காம் அத்தியாயம் தயார்.

தேரடித் தெருவில் செருப்புக் கடை போட்டிருந்தவர் சந்திரம்மாள். அவரிடம் டோக்கன் கிடையாது. ஒன்றாக வந்தவர்களின் செருப்பையெல்லாம் ஒரே யூரியா மூட்டையில் போட்டுக் கட்டி, வேலூர் பக்கத்து ஆட்கள் ஒரு வரிசை, விழுப்புரம் பக்கம் ஒரு வரிசை, பெங்களூர் ரோடு ஒரு வரிசை என்று மாட்டிவைப்பார். திரும்பி வருகிறவரிடம், எந்த ஊர், யாரோடு வந்தாய் என்று கேட்பார். பதில் சரியாக இருந்தால் அந்த மூட்டையிலிருந்து அவருடைய ஜோடி மட்டும் வெளியே வரும். ராமதாஸ் இதை ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது சிஸ்டமே இல்ல, மூர்த்தி. இது ஞாபகம்" என்றார்.

ஒரு நாள்தானே என்று சந்திரம்மாள் ஒத்துக்கொண்டார். ஆயிரத்து இருநூறு அறைகள் கொண்ட இரும்பு ரேக் பக்கத்து வேங்கிக்காலில் வெல்டிங் ஆகி லாரியில் வந்து இறங்கியது. ராமதாஸ் வகுத்த விதிகளைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார்கள். முதல் விதி, ஒரு ஜோடிக்கு ஒரு டோக்கன். நான்காவது விதி, டோக்கன் இல்லாமல் எக்காரணம் கொண்டும் செருப்பு தரப்படமாட்டாது. நான்காவதுக்கு மட்டும் சிவப்பு பெயிண்ட்.

தைப் பௌர்ணமியன்று திதி காலையிலேயே பிறந்துவிட்டதால் பத்து மணிக்கே கூட்டம் வந்தது. மூர்த்தி டோக்கன் கொடுத்து, நேரம் குறித்து, அறையில் அடுக்கினான். பன்னிரண்டு மணிக்குள் எல்லா அறைகளும் நிரம்பின. ராமதாஸ் நிறைந்த ரேக்கைப் பல கோணங்களில் போட்டோ எடுத்தார். பிறகு தன் பளபளக்கும் கறுப்பு ஷூவையும் மனைவியின் செருப்பையும் முறைப்படி ஒப்படைத்து, இரண்டு டோக்கன் வாங்கிக்கொண்டு, மனைவியோடு மலை சுற்றக் கிளம்பினார்.

சிக்கல் நாலரை மணிக்கு வந்தது. ஆரணியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையன், சீக்கிரம் நடந்து முடித்து வந்து செருப்பைக் கேட்டான். டோக்கன் எங்கே என்றதற்கு, பெரியப்பாவிடம் என்றான். பதினோரு பேர் வந்த குடும்பம். பதினோரு டோக்கனையும் பெரியப்பா வாங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, பாதி வழியில்தான் இருப்பார். பையனை ஓரமாக நிற்கச் சொன்னான் மூர்த்தி. அடுத்து வந்தவளின் டோக்கன் மாமியாரின் சுருக்குப்பையில் இருந்தது. அதற்கடுத்தவருடையது மச்சானிடம். எந்தக் குடும்பத்திலும் பத்திரப்படுத்துகிறவர் ஒருவர் இருந்தார், எந்தக் குடும்பத்திலும் அவர்தான் கடைசியாக வந்துகொண்டிருந்தார். சென்னையில் போட்ட கணக்கில் டோக்கன் தொலையும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று இருந்தது. இங்கே ஒன்றும் தொலையவில்லை. அளவுக்கு மீறிப் பத்திரமாக இருந்தது.

ஐந்தரைக்குள் முந்நூறு பேர் வெறுங்காலோடு நின்றார்கள். மூர்த்தி ஒவ்வொருவருக்கும் காத்திருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தான். விதியை மீறிச் செருப்பைக் கொடுத்தால் புள்ளிவிவரம் கெட்டுவிடும், புள்ளிவிவரம் கெட்டால் மார்ச்சும் போய்விடும், ஜூனும் போய்விடும்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமதாஸ் வந்தார். தனியாக வந்தார். மனைவி அடி அண்ணாமலைக் கோயிலில் தரிசன வரிசையில் நின்றுவிட்டார். வரிசைகளைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதிய பேராசிரியருக்கு வரிசையில் நிற்கும் பழக்கமில்லை, முன்னால் நடந்துவிட்டார். உள்ளங்காலில் முள் தைத்திருந்தது.

"ஷூவ எடு, மூர்த்தி."

"டோக்கன், சார்?"

"வைஃப் ஹேண்ட்பேக்ல இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு குடுத்தேன்."

பின்னாலிருந்து ஆரணிப் பையன், "எங்க பெரியப்பாவும் அதத்தாங்க சொன்னாரு" என்றான்.

ராமதாஸ் பெல்ட்டிலிருந்த செல்போனைத் தொட்டுப் பார்த்தார். மனைவிக்கு அவர் இன்னும் செல்போன் வாங்கித் தரவில்லை. குரலைத் தாழ்த்தி, "அந்த ரூல எழுதுனதே நான்தான்யா" என்றார்.

"அதான் சார் யோசனையா இருக்கு."

மூர்த்தி கணக்குப் போட்டான். விதியைக் காப்பாற்றினால் நெறியாளர் போய்விடுவார், நெறியாளரைக் காப்பாற்றினால் விதி போய்விடும். இரண்டில் எது போனாலும் பட்டம் போய்விடும்.

காலையிலிருந்து ஓரமாக உட்கார்ந்து, செருப்பு விடுகிறவர்களைப் பார்த்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருந்த சந்திரம்மாள் எழுந்து வந்தார். "இவருது கறுப்பு ஷூ, எடது குதிகால் தேஞ்சிருக்கும். சாஞ்சி நடக்கறாரு பாரு" என்று சொல்லி, ரேக்கில் கைவிட்டு எடுத்துப் போட்டார். குதிகால் தேய்ந்துதான் இருந்தது.

அப்புறம் கூட்டம் சும்மா இருக்குமா? சந்திரம்மாள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு வழக்கமான கேள்வியை ஆரம்பித்தார்.

"எந்த ஊரு? யாரோட வந்த?"

ஆரணி, பெரியப்பா, பதினோரு பேர் என்று பதில் வந்தது. அந்தக் குடும்பத்துக் குழந்தையின் சிவப்பு வார் வைத்த செருப்பு இருந்த வரிசையில் போய் நின்றார், பையன் காலைக் குனிந்து பார்த்தார், எடுத்துக் கொடுத்தார். நாற்பது நிமிடத்தில் முந்நூறு பேரும் போய்விட்டார்கள். கை வேறு வேலைக்குப் பழகாததால் மூர்த்தி அந்த நாற்பது நிமிடத்துக்கும் நேரம் குறித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலை லாட்ஜில் ராமதாஸ் காலுக்குக் களிம்பு தடவியபடி தாள்களைப் புரட்டினார். ஐந்தரை வரை காத்திருப்பு ஏறுகிறது. அதற்கு மேல் மளமளவென்று இறங்கி, ஆள் ஒன்றுக்குச் சில நொடி என்று நிற்கிறது. அவர் முகம் தெளிந்தது.

"பாத்தியா? மொதல்ல கொஞ்சம் தடுமாறும். அப்புறம் சிஸ்டம் செட்டில் ஆயிடுது. ரேக்கோட பவர் இது."

அந்தத் தெளிந்த முகத்தை மூர்த்தி பார்த்தான். மார்ச் முப்பத்தொன்றை நினைத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் நினைத்தான்.

"ஆமாங்க சார்" என்றான்.

ஆய்வேட்டை மார்ச்சுக்குள் கொடுத்துவிட்டதால் கல்லூரி ஜூனில் பொறுத்துக்கொண்டது. பட்டம் அக்டோபரில் கிடைத்தது. கல்லூரி அவனை நிரந்தரமாக்கி, வராந்தாவில் தனி நாற்காலி கொடுத்தது. சாக்லேட் பொட்டலத்தோடு தேரடித் தெருவுக்குப் போனான். இரும்பு ரேக் நின்ற இடத்திலேயே இருந்தது. கம்பிக்குக் கம்பி யூரியா மூட்டைகள் தொங்கின.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. மூட்ட மாட்ட வசதியா இருக்கு" என்றார் சந்திரம்மாள். சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு, "பட்டம் எப்பிடிக் குடுத்தாங்க? உக்கார வெச்சி ஜாஸ்தி கேள்வி கேப்பாங்களாமே?" என்று விசாரித்தார்.

மூர்த்திக்கு அந்த வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ராமதாஸின் பழைய சிநேகிதர். ஆய்வேட்டைத் திறக்காமலேயே மேசைமேல் வைத்து, நிமிர்ந்து அவனைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒண்ணும் பெருசா இல்லீங்கம்மா" என்றான் மூர்த்தி. "யாரோட வந்தேன்னு கேட்டாங்க. சொன்னேன். எடுத்துக் குடுத்துட்டாங்க."