முட்டைக்கண்ணியின் இமைகள்

'என் கையை விட்டுவிடுங்கள். அந்த ஓரத்தில் கரடி பொம்மை சும்மாதானே கிடக்கிறது, அதற்குப் போடுங்கள்.'

பொம்மை நினைப்பது யாருக்கும் கேட்பதில்லை. மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில், மேசைமேல் அவளை உட்காரவைத்து வலது கையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டிருந்தார் மாவுக்கட்டு மாமா. எலும்பு முறிந்து வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அந்தப் பெயரில்தான் பழக்கம். எந்தப் பிள்ளைக்குக் கட்டுப் போடுவதானாலும் முதலில் பொம்மைக்குப் போடுவார். பொம்மை பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பிள்ளையும் பேசாமல் உட்காரும் என்பது அவர் நம்பிக்கை.

பொம்மை பேசாமல்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பொருமிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் நின்றவள் அவள். நீலப் பட்டு கவுன், காலடியில் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை. கடையை மூடியபோது மிச்சமிருந்த பொம்மைகளை இங்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது கவுன், வெள்ளையடிக்கிறவர் சட்டை மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்குகளில் மாவு. அவளிடம் ஓர் ஆசைதான் மிஞ்சியிருந்தது. தனக்கென்று ஒருத்தி வருவாள். வீட்டுக்குக் கொண்டு போவாள். அந்த வீட்டில் வேறு பொம்மையே இருக்காது.

அவளது உடம்பில் அவள் சொன்னபடி கேட்டவை இமைகள் மட்டும். படுக்கவைத்தால் மூடும், நிமிர்த்தினால் திறக்கும் என்றுதான் செய்திருந்தார்கள். ஆனால் பிடிவாதம் பிடித்தால், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் அவளால் மூடிக்கொள்ள முடியும். ஈரக் கட்டு கையில் படும்போதெல்லாம் அப்படித்தான் செய்வாள். அதைப் பார்க்கும் பிள்ளை, பொம்மைக்கே வலிக்கிறது என்று கத்தி ஊரைக் கூட்டும். கத்தட்டும், எனக்கென்ன என்று இருப்பாள்.

அன்று எதிரே உட்கார்ந்திருந்த சிறுமிக்கு ஆறு வயது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவிப் பார்த்ததில் இடது கையில் எலும்பு முறிந்திருந்தது.

"தாவினேன்னு சொல்லாதம்மா. பறந்தேன்னு சொல்லு," என்று வாசலிலேயே அம்மாவைத் திருத்தியவள். வாய்தான் அப்படி. கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

மாமா கட்டுச் சுருளைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழிகள் அடங்கியதும் எடுத்துப் பிழிந்தார். பொம்மை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆரம்பிச்சுட்டா முட்டைக்கண்ணி," என்றாள் நர்ஸ். "இவளைத் தூக்கிப் போடுங்கன்னா கேக்குறீங்களா? சும்மா வர்ற பிள்ளைகூட இவ மூஞ்சியப் பாத்துதான் அழுவுது."

சிறுமி பொம்மையையே பார்த்தாள். பிறகு நல்ல கையால் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமா, எனக்கு முதல்ல போடுங்க."

"ஏன் கண்ணு?"

"அவ பயப்படுறா. நான் போட்டுக்கிறத அவ பாக்கட்டும்."

"உனக்குப் பயமா இல்லையாடி?" என்றாள் அம்மா.

"இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

மாமா பொம்மையின் கையை விட்டுவிட்டு, சிறுமியின் கையை எடுத்துக்கொண்டார்.

மூடிய இமைகளுக்குள் பொம்மை எல்லாவற்றையும் கேட்டாள். சிறுமி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. "ஐஸ் மாதிரி இருக்கு," என்றது குரல். கொஞ்சம் கழித்து, "இப்போ சூடாவுது. பயப்படாத, என்ன? தாங்குற சூடுதான்."

அது தன்னிடம் சொல்லப்பட்டது என்று பொம்மைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அழகு என்று சொன்னவர்கள் உண்டு. மக்கர் என்று சொன்னவர்கள் உண்டு. பயப்படாதே என்று யாரும் சொன்னதில்லை. சிறுமியின் நடுக்கம் மேசைப் பலகை வழியாக அவள்வரை வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நடுங்குகிறவள் இன்னொருத்திக்காக எப்படி முன்னால் போகிறாள்? பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்களைத் திறந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் சிறுமி. கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகு முட்டைக்கண்ணி கண்ணை மூடவில்லை. முதலில் அந்தச் சிறுமியை நினைத்துக்கொண்டு, அவளைப் போலச் செய்து பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு ஒருநாள், அழுது முகம் வீங்கிய ஒரு குழந்தை அவளது கட்டைத் தடவிக்கொடுத்தது. அந்தப் பிஞ்சுக் கைக்கு வலிக்குமோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தன் கையின் நினைப்பே வரவில்லை. விரல் இடுக்கில் மாவு இருந்தது. இருக்கட்டும்.

ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தேடியது ஒரு முகத்தைத்தான்.

ஆறாவது வாரம் அந்த முகம் வந்தது. கட்டை அறுக்கும் மெஷின் உறுமியது. முதலில் பொம்மைக்கு. அவள் கண்ணைத் திறந்தபடியே இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சிறுமியும் கையை நீட்டினாள். கட்டுக்குள்ளிருந்து ஒரு மெலிந்த கை வெளியே வந்தது.

"அய்யே, இது யார் கை?" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பொம்மையை எடுத்துக்கொண்டாள். "மாமா, இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? எங்க வீட்ல பொம்மையே இல்ல. ஒண்ணு இருந்துச்சு, நாய் தின்னுடுச்சு."

"உன்னாலதானே இவ திருந்தினா. கூட்டிட்டுப் போ. நாங்க கரடிய வெச்சு எப்படியோ ஓட்டிக்கிறோம்," என்றார் மாமா. "ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

சிறுமி அவளை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தாள்.

"வர்றியா? வர்றதுன்னா கண்ணத் தொறந்தே வெச்சிரு."

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். வீடு, அவளுக்கே அவளுக்கென்று ஒருத்தி, அதுவும் இவள்.

வாசலில் அடுத்த குழந்தை கதவுச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வேணாம்பா, வேணாம்பா," என்று அழுதுகொண்டிருந்தது. அதன் அப்பா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கரடிக்குக் கண் இருந்த இடத்தில் நூல்தான் தொங்கியது.

பொம்மை சிறுமியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடி, விழுந்திருந்த முன்பல், எதையும் விடாமல். பிறகு மெல்ல இமைகளை இறக்கினாள்.

"போச்சு, பழைய மக்கர் திரும்பிடுச்சு," என்றாள் நர்ஸ்.

சிறுமி சிரிக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குழந்தை இன்னும் சட்டத்தை விடவில்லை. பிறகு பொம்மையின் காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி இன்னொரு முறை கேட்டாள்.

"நிஜமாவே வரலையா?"

இமைகள் அசையவில்லை.