பதினொன்று பத்து

செவ்வாய்க்கிழமை, தேநீர் குடித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பியபோது ஏழாம் அறையைக் காணவில்லை.

அறை என்றால் சுவரும் கதவும் உள்ள அறை இல்லை. அது ஊருக்கு வெளியே இருக்கும் மருந்துக் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. அங்கே ஏழு குளிர் அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானி பத்து விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்கள் ஓடிவரும் பாதைக்கு டாபிக் என்று பெயர். பாதை இருந்தால்தான் குளிர் குறையும்போது கிடங்கில் மணி அடிக்கும். பாதை போய்விட்டால் மருந்தெல்லாம் வெந்நீரானாலும் மணி வாய் திறக்காது. இந்தப் பாதைகளைக் கறுப்புத் திரையில் கமாண்ட் தட்டி ஆள்வது அவள் வேலை. எண்களைத் தண்ணீர் மாதிரித் திறந்துவிடுபவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஏழாம் அறைக்கான பாதையை முந்தின நாள்தான் போட்டிருந்தாள். கிடங்குக்காரர் போனில் நின்றுகொண்டு அவசரப்படுத்தியதால் ஒரே வரியில் தட்டி முடித்த வேலை. இப்போது மறுபடி தட்டினாள். பிறகு யார் எப்போது என்ன செய்தார்கள் என்பது பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தாள். பதினொன்று பத்துக்கு அழிக்கப்பட்டிருந்தது. யார் அழித்தது என்ற இடத்தில், கணினிக்குள் நுழைய அணி பயன்படுத்தும் சாவியின் பெயர் இருந்தது. அந்தச் சாவி மூன்று பேருக்கும் பொது. மூன்றாவது ஆள் மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தான்.

மிச்சம் இருவர். ஒன்று அவள். இன்னொன்று அத்தான்.

அக்காவின் கணவர். ஒரு வருடம் வேலையில்லாமல் வீட்டுச் சன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தவரை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே அவள்தான். தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்கலாமா என்று மேலாளர் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் இப்போதெல்லாம் படுத்ததும் தூங்கிவிடுகிறார் என்று அக்கா போன வாரம்தான் போனில் சொல்லிச் சிரித்திருந்தாள். அக்கா சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது.

புதன்கிழமையும் அதே பதினொன்று பத்துக்குப் பாதை போனது. கிடங்குக்காரர் கூப்பிட்டு, மேடம் எங்க மணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா என்று கேட்டார். அவள் மறுபடி தட்டிப் போட்டாள்.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு வீட்டையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. இதுவரை கண்ணில் படாதவையெல்லாம் இப்போது கண்ணில் குத்தின. பதினொரு மணிக்கு மாடி முழுக்கத் தேநீருக்கு எழுந்து போகும்போது, வயிற்றுக்கு ஆகாது என்று அத்தான் மட்டும் இருக்கையிலேயே இருப்பார். அவள் பக்கத்தில் வந்தால் ஒரு சிறு நோட்டைச் சட்டென்று மூடுவார். மேலாளருக்கு முன்னால் அவளை மேடம் என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லில் ஓர் உப்புக் கரிப்பு இருந்தது. கொழுந்தியாள் தயவில் வந்த வேலை. அவள் விழுந்தால் அந்த இருக்கைக்கு யார் வருவார்?

அன்று மாலை ஒரு பொறி வைத்தாள். இல்லாத எட்டாம் அறைக்கு ஒரு பாதை போட்டு அவரிடம் மட்டும் சொன்னாள்.

“எட்டாவது ரூமுக்கும் டாபிக் போட்டிருக்கேன் அத்தான். யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்.”

“ரூமே ஏழுதானே இருக்கு?”

“கட்டிட்டிருக்காங்க.”

அவர் அவளைத் தேவைக்கு ஒரு விநாடி அதிகமாகப் பார்த்தார். பிறகு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் தேநீர்க் கோப்பையுடன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தேநீர் ஆறி ஆடை கட்டியது. பதினொன்று எட்டுக்கு அத்தான் எழுந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். நேராக அவள் மேசைக்கு வந்து, அவள் திரை மேல் குனிந்து நின்றார். சரியாக மூன்று நிமிடம். பிறகு பூனை மாதிரித் தன் இடத்துக்குத் திரும்பினார்.

அவள் ஓடிவந்து பட்டியலை எடுத்தாள். ஏழாம் பாதை இல்லை. எட்டாவதும் இல்லை. போதாததற்குப் பட்டியலின் கடைசியில், வேண்டாத விருந்தாளியாக, சுண்டெலி என்று ஒரு பாதை இருந்தது.

சுண்டெலி, அக்கா மகளுக்கு அவள் வைத்த செல்லப்பெயர். எப்போதோ ஒத்திகைக்காக அந்தப் பெயரில் ஒரு பாதை போட்டு, திங்கட்கிழமைதான் கையால் அழித்திருந்தாள். இந்தப் பெயர் இந்தக் கட்டிடத்தில் இன்னொருவருக்குத்தான் தெரியும். அழிப்பது போதாமல் பழிப்பும் காட்டுகிறாரா?

மேலாளருக்கு எழுதினாள். பார்த்ததை எழுதினாள், நிரந்தரமாக்க வேண்டாம் என்று எழுதினாள். மறுபடி படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். மூன்று மணிக்கு இருவரும் வாருங்கள், ஆதாரத்தோடு, என்று பதில் வந்தது.

ஆதாரத்துக்காகத்தான் இரண்டரை மணிக்குப் பழைய பட்டியல் ஃபைலைத் திறந்தாள். பாதைகளை ஃபைலோடு ஒத்துப்பார்க்கும் அவர்கள் கருவி ஒரு பிடிவாதக்காரக் கருவி. ஃபைலில் எழுதியிருப்பதுதான் அதற்கு உலகம். ஃபைலில் உள்ளது, பாதைகள் ஓடும் சர்வரில் இல்லையென்றால் உண்டாக்கும். சர்வரில் உள்ளது ஃபைலில் இல்லையென்றால் அழிக்கும். அதனால்தான் எதையும் முதலில் ஃபைலில் எழுது, பிறகு ஓட்டு என்பது அணியின் சட்டம். அந்தச் சட்டத்தை அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

ஃபைலில் ஆறு அறைகள் இருந்தன. ஏழாவது இல்லை. கடைசி வரியில் சுண்டெலி இருந்தது.

பிறகு, பார்க்கப் பிடிக்காத காயத்தின் கட்டைப் பிரிப்பதுபோல, தன் கணினியில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். மூன்று மாதத்துக்கு முன், வீடு மாற்றப் பத்து நாள் விடுப்பில் போகும்போது, யாரும் எதையும் கலைத்துவிடக் கூடாதென்று அவளே ஏற்பாடு செய்தது. தினமும் இந்த ஃபைலை வைத்து எல்லாவற்றையும் சரிசெய். நேரம், யாரும் வேலை செய்யாத தேநீர் வேளை. பதினொன்று பத்து. திங்கட்கிழமைவரை எதுவும் மாறாததால் அதற்கு வேலையே இருக்கவில்லை. அதுவும் காத்திருந்திருக்கிறது. சுண்டெலியும் செவ்வாய்க்கிழமையே திரும்பி வந்திருக்கும்; ஏழாவதைத் தேடிய அவசரத்தில் அவள்தான் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு மேலாளர் அறைக்குள் போனபோது அத்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அவள் கடிதம் அச்சாகிக் கிடந்தது. படித்து முடித்திருந்தார் என்பது அவர் காதுகளின் சிவப்பில் தெரிந்தது.

“அழிச்சது நான்தான் சார்,” என்றாள். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். தான் எழுதியதைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னாள்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அத்தானைக் கேட்டார். அத்தான் நோட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொன்றின் கீழும் ஒரே குறிப்பு: ஆளில்லாத அவள் திரையில் பதினொன்று பத்துக்கு ஒரு கறுப்பு ஜன்னல் தானாகத் திறந்து தானாக மூடியது. இன்று பக்கத்தில் போய்ப் படித்தே பார்த்திருந்தார்.

இனி ஆளுக்கொரு சாவி என்றார் மேலாளர். அத்தானை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

நடைவழியில் அவள் கேட்டாள். “செவ்வாக்கிழமையே தெரிஞ்சிருக்கு. ஏன் அத்தான் எங்கிட்ட சொல்லல?”

“என்னைத் துரத்தத்தான் நீ பண்றேன்னு நெனச்சேன். இல்லாத ரூமுக்கு வேற டாபிக் போட்டியா, சரி, முடிவே பண்ணிட்டேன்னு தோணுச்சு.” நோட்டைச் சட்டைப் பையில் செருகினார். “நீ மட்டும் எங்கிட்ட கேட்டியா?”

அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். கேட்டால் அவர் சரி என்பார். அதை நம்புவதா என்று இராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியிருக்கும்.

தானாக ஓடும் வேலையை அன்றே நீக்கினாள். ஏழாம் அறையை ஃபைலில் எழுதினாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, வயிற்றுக்கு ஆகாத தேநீரை ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, அத்தான் கண்ணாடிக் கதவருகே அவள் பக்கத்தில் வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு மேசைகளும் தெரியும். மேலே சுவர்க் கடிகாரமும் தெரியும்.

பதினொன்று பதினொன்று ஆகும்வரை இருவரும் அங்கிருந்து நகரவில்லை.