இரண்டு காதுக்கும் நடுவில்

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குச் சென்னையிலிருந்து குருமூர்த்தி சார் போன் செய்தபோது நான் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடின் பற்களை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் வளைந்து நிற்கும் பட்டைக்கு அதைவிட நல்ல எஃகு எங்கள் வேப்பந்தட்டையில் கிடைக்காது.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனம் அவருடையது. பதிவிலுள்ள இரைச்சலை வீட்டிலிருந்தே நீக்கித் தரும் வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன்.

"சாம்பிள் மூணாவது தடவையும் திரும்பிடுச்சும்மா. அடியில ஒரு இரைச்சல் ஓடுது, உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கலைங்க சார்."

"நல்ல ஹெட்போன் இல்லாம இது ஆகாது. திங்கக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அந்த மாதிரி ஊர்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் கஷ்டம். தையல் கியல்னு ஏதாச்சும் பாருங்களேன்."

"ஹெட்போன் தயாராயிட்டிருக்குங்க சார்."

"ஆர்டர் போட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க. அரத்துல தேய்ச்சிட்டிருக்கேன்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் மீதிப் பற்களையும் தேய்த்து முடித்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த இரண்டு தட்டை ஸ்பீக்கர்கள் மேசைமேல் இருந்தன. காகிதக் கூம்பு கிடையாது. மிட்டாய்த் தாளைவிட மெல்லிய ஒரு படலம். அதன்மேல் மடிந்து மடிந்து ஓடும் அலுமினியக் கோடு. முன்னும் பின்னும் காந்தப் பட்டைகள். பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் கீச்சென்ற உயர்ந்த ஓசைக்காக வைப்பது இது. காதோடு காற்றுப் புகாமல் ஒட்டி அடைத்தால் அடித்தொண்டைக் குரலும் வந்துவிடும் என்பது என் கணக்கு. காந்தம் என்னிடமிருந்து ஸ்க்ரூடிரைவரை இரண்டு முறை பிடுங்கிக்கொண்டது. அதன்பின் அரத்தூள் ஒட்டாதிருக்க இரண்டையும் பாலித்தீன் பையில் போட்டு மூடினேன்.

என் கணவர் பழனிவேல் மைக்செட் வைத்திருக்கிறார். பழைய பெட்டியின் பிளைவுட்டில் அவரே இரண்டு வட்டம் அறுத்துக் கொடுத்தார். காது மெத்தைக்குப் பெரம்பலூரில் பஸ் சீட் தைக்கும் அரியமுத்து அண்ணனிடம் போனேன். பிளைவுட் வட்டத்தை என் கன்னத்தருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் தங்கச்சி, இது உனக்கா, இல்ல வண்டி மாட்டுக்கா?"

"எனக்குதாண்ணே. துளி காத்து போகாம தைங்க."

"பஸ்ல நாப்பது பேரு ஒக்காந்தாலும் பிரியாத தையலு. உன் காதுதான் பிரியணும்."

ஞாயிற்றுக்கிழமை பூலாம்பாடியில் ஒரு காதுகுத்து. குழாய் ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கிளம்புகிற அவசரத்தில் பழனிவேல்தான் ஒயர்களைப் பற்றவைத்தார். மாட்டிக்கொண்டு சாம்பிள் பாடத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். வாசிக்கும் ஆசிரியையின் குரல் தலைக்குள் எங்கும் நிற்கவில்லை. காதுகளுக்கு வெளியே சிதறி, அடித்தொண்டை இல்லாமல், தகர டப்பாவுக்குள் பேசுவது போலிருந்தது.

"சத்தம் வருதுல்ல? அப்புறம் என்ன புள்ள?" என்றார் அவர்.

"வருது மாமா. ஆனா ஆளைக் காணும்."

"அதெல்லாம் கம்பெனிக்காரன் செய்யிறது. நம்ம பிளேடை வளைச்சுச் செஞ்சா இவ்வளவுதான்."

அவர் போய்விட்டார். குருமூர்த்தி சார் சொன்னது மாதிரியே இவரும் சொல்லிவிட்டாரே என்பதுதான் சுட்டது. மறுபடி மாட்டினேன். இடப்பக்கத்தை மட்டும் காதிலிருந்து தூக்கிக் கேட்டேன், குரல் சரி. வலப்பக்கத்தைத் தூக்கினேன், அதுவும் சரி. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஆசிரியை காணாமல் போனார். இப்படியே ஆறேழு தடவை. பிறகுதான் ஒயரைப் பார்த்தேன். பிளஸுக்கென்று சிவப்பு இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு ஒயர். கோயில் குழாய்க்குப் பிளஸ், மைனஸ் பார்த்துப் பழக்கமில்லாத கை, எது எங்கே என்று பார்க்காமல் பற்றவைத்திருக்கிறது. ஒரு படலம் முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது. ஒன்றின் குரலை மற்றது தின்கிறது.

வலப்பக்க ஒயர்களை மட்டும் இடம் மாற்றினேன்.

ஆசிரியை வந்து என் இரண்டு புருவங்களுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. அவருக்கும் கீழே, தரையோடு தரையாக, அந்த இரைச்சல் ஓடியது. டேபிள் ஃபேன். மூன்று முறை என்னைத் திருப்பி அனுப்பியது அதுதான். மதியச் சோற்றை மறந்து அதைத் துடைத்தெடுத்தேன்.

பிறகு, 'இப்படி இருக்க வேண்டும்' என்று அவர்கள் அனுப்பியிருந்த மாதிரிப் பதிவையும் போட்டேன். அதிலும் ஃபேன் ஓடியது. நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் யாரோ டம்ளரை வைத்தார்கள். இப்படி மொத்தம் பதினேழு இடங்களில் சத்தம். ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதினேன்.

சாயங்காலம் திரும்பிய பழனிவேல் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "வேலை கேக்குற எடத்துலயே குத்தம் கண்டுபிடிச்சு அனுப்புவியா?"

"குத்தம்னு எங்க எழுதியிருக்கேன்? நிமிஷமும் செகண்டும்தான் இருக்கு."

அவர் ஹெட்போனை எடுத்து மாட்டினார். பாடம் முடியும்வரை கேட்டார், நான் இடம் மாற்றிய ஒயரை விரலால் தடவிப் பார்த்தார். கழற்றியபோது என்னைப் பார்க்காமல், "செவப்பு ஒயரு கடையில கெடந்துச்சு. எடுக்கச் சோம்பல்பட்டுட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என் பதிவையும் பட்டியலையும் சேர்த்து அனுப்பினேன். பதினொன்று நாற்பதுக்குப் போன் வந்தது. நான் ஹெட்போன் ஒயரை அதில் செருகினேன்.

"வெற்றிச்செல்விங்களா?"

"ஆமாங்க சார்."

"இந்த நாலாவது நிமிஷம் டம்ளர் சத்தம், எங்க யாருக்கும் கேக்கலையேம்மா..." என்று நிறுத்தினார். அவர் தலைக்கு மேல் ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது. தாள் ஒன்று புரண்டது. அடுத்த வார்த்தைக்காக அவர் மூச்சை உள்ளே இழுப்பது, என் இரண்டு காதுக்கும் நடுவில், துளி சிந்தாமல் கேட்டது.