கேட்காத கேள்விக்கு ஒரு பதில்

மனிதனுக்கு வாய் இருக்கலாம், தப்பில்லை. வாய்க்கு ஒரு மனிதன் இருந்தால் என்ன செய்வது? இயற்பியல் துறையின் இணைப் பேராசிரியரை மாணவர்கள் 'எக்ஸ்பிரஸ்' என்று அழைத்தார்கள். எந்த நிறுத்தத்திலும் நிற்க மாட்டார். கேள்வி கேட்பார், மாணவன் எச்சில் விழுங்குவதற்குள் பதிலையும் தானே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இதில் கொடுமை என்னவென்றால், தன் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாம் வாயைத் தைத்துக்கொண்டு பிறந்த கூட்டம் என்று அவர் மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பிப்பது இது மூன்றாவது முறை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, விண்ணப்பித்தவர் பாடம் நடத்துவதைப் பார்க்கும். இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு முறையும் 'மாணவர் பங்கேற்பு இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றாவது முறையும் கைவிட்டுப் போனால் அதற்குப் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது, விதி அப்படி. அவரிடம் படித்த பையன் ஒருவன் ஏற்கெனவே பேராசிரியராகி, துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார நாள் பார்த்துக்கொண்டிருந்தான். ஓய்வு பெறும்வரை அவன் முன்னால் போய் நின்று லீவு கேட்க வேண்டியதுதான்.

அவர் மனைவி அதே துறையில் ஆய்வகப் பயிற்றுநர். அதே மாணவர்களுக்குத்தான் செய்முறை வகுப்பு எடுக்கிறாள். வருடா வருடம் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற ஒப்பந்த வேலை. ஒரு வாரமாக அவர் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் காட்டப்போகும் பக்கங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாடம் நடத்திப் பார்த்ததற்கு அவள் ஒருத்திதான் பார்வையாளர்.

அன்று காலை அவள் அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்காவது இந்தப் பசங்க வாயைத் திறப்பாங்களா?" என்று கேட்டார். "எங்க திறக்கப் போகுதுங்க! மரம் மாதிரி உக்காந்திருக்கும்," என்று அவரே சொன்னார்.

"திறப்பாங்க," என்றாள் மனைவி.

அதற்குள் அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

வகுப்பறைக்குள் காலை வைத்ததுமே ஏதோ இடித்தது. முன் பெஞ்சு நிரம்பியிருந்தது. அவருடைய வகுப்பில் முன் பெஞ்சு என்பது பைகளை வைப்பதற்கு மட்டும்தான். தூங்குமூஞ்சி என்று துறையே செல்லமாக அழைக்கும் பையன்கூடத் தலையை நனைத்து வாரிக்கொண்டு, மூன்றாவது பெஞ்சில் கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கடைசிப் பெஞ்சில் குழு. நடுவில், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தலைவர் அம்மா. ஒரு பக்கம் டீன், இன்னொரு பக்கம் தாடி வைத்த இயற்பியல் நிபுணர். தலைவர் அம்மாவுக்கு மட்டும் மரியாதையாக ஒரு கோப்பை டீயும், சின்னக் குவளையில் தனியாகப் பாலும் வைத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. பேனாவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார்.

அன்றைய பாடம் வெப்பம்.

"சூடான பொருள் ஏன் ஆறுது?" என்று எக்ஸ்பிரஸ் முதல் கேள்வியைப் போட்டார். வழக்கப்படி பதிலுக்கு வாயைத் திறந்தும் விட்டார். அதற்குள் சடசடவென்று ஐந்தாறு கைகள் மேலே போயின. முன் பெஞ்சுப் பெண் எழுந்து பதிலைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. அடடா, இதுங்களுக்குப் பேச்சு வருமா!

"ஃபேன் போட்டா காத்து குளிர்ந்துடுதா?" இரண்டாவது கேள்வி.

"இல்லைங்க சார். காத்து அதே சூட்டுலதான் இருக்கு. நம்ம வேர்வை சீக்கிரம் ஆவியாகுது, அதான் நமக்குக் குளிருது," என்றான் ஜன்னலோரப் பையன், ஒரு மூச்சில்.

தலைவர் அம்மாவின் பேனா ஓடியது. எக்ஸ்பிரஸுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் வேர்வையைப் பற்றியே நீட்டி முழக்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பகீர் என்றது. பாதி நேரம் போய்விட்டிருந்தது. சரி, ஒன்றை விட்டுவிடலாம் என்று, இரும்புக் கரண்டி ஏன் மரக் கரண்டியைவிடச் சில்லென்று இருக்கிறது என்ற மூன்றாவது கேள்வியைத் தாண்டி நான்காவதற்குப் போனார்.

"தெர்மாஸ் குடுவைக்கு உள்பக்கம் ஏன் கண்ணாடி மாதிரி பளபளன்னு வெச்சிருக்காங்க?"

தூங்குமூஞ்சி எழுந்தான். அவன் எழுந்து நின்றதை அந்த வகுப்பு அதுவரை பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"ஏன்னா இரும்பு நம்ம கையில இருக்கற சூட்டை வேகமா இழுத்துக்குது. மரம் அப்படி இழுக்காது. அதனாலதான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஒப்பேற்றியிருக்கலாம். முன் பெஞ்சுப் பெண் திரும்பி, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "டேய், நீ மூணுடா! இப்ப ஓடுறது நாலு!"

கடைசிப் பெஞ்சில் டீன் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

எக்ஸ்பிரஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் கேள்விகளை, அதே வரிசையில், பார்த்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். கதவின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. பாவி, என்ன காரியம் பண்ணிவைத்திருக்கிறாள்!

இன்னும் ஐந்து கேள்விகள் பாக்கி இருந்தன. ஐந்துக்கும் ஆள் தயாராக இருந்தது. எதுவுமே நடக்காத மாதிரி ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம். வேறு யாராவது அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் திரையை அணைத்தார்.

"இதுல இல்லாத ஒண்ணு கேக்கறேன். அதோ, மேடம் முன்னாடி டீ இருக்கு. அவங்க அதைப் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் குடிக்கப் போறாங்க. நல்லா சூடா இருக்கணும். பாலை இப்பவே ஊத்தறது நல்லதா, குடிக்கும்போது ஊத்தறது நல்லதா?"

ஒரு கைகூட எழவில்லை. இரண்டு முறை அவரைக் கவிழ்த்த அதே அமைதி. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. பழக்க தோஷம், சொல்லிவிடத்தான் பார்த்தார். ஆனால் பயத்தில் தொண்டை வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, சத்தமே வரவில்லை. எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது பேர் முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒருத்தி நகத்தைக் கடித்தாள். ஒருவன் கூரையைப் பார்த்தான். அவர்கள் யோசிக்கிறார்கள் என்பதே அவருக்கு ஒரு செய்தியாக இருந்தது.

"குடிக்கும்போதுதான் சார் ஊத்தணும்," என்று கடைசியில் ஒரு குரல் வந்தது. தூங்குமூஞ்சிதான். "இப்பவே ஊத்தினா இப்பவே ஆறிடுமே."

தப்பு. தப்பென்று சொல்ல அவர் உதடு துடித்தது. அதற்குள் ஜன்னலோரப் பையன், "இல்லடா, சூடு ஜாஸ்தியா இருந்தாத்தானே வேகமா ஆறும்? பாலை ஊத்திட்டா கொஞ்சம் சூடு குறையும், அப்புறம் மெதுவாத்தான் ஆறும்," என்றான்.

"அப்ப பால் சில்லுனு இருந்தா?" என்றாள் முன் பெஞ்சுப் பெண்.

"யார் சில்லுன்னு சொன்னா?"

"நீதான் சும்மா இரேன், சாரே சும்மா இருக்காரு!"

பிடித்துக்கொண்டது சண்டை. ஆளுக்கு ஒரு பக்கம் கட்சி கட்டினார்கள். ஒருத்தி ஓடிவந்து பலகையில் கோடு போட்டுக் காட்டினாள். இன்னொருவன் அதை அழித்துவிட்டு வேறு போட்டான். தாடிக்காரர் தன்னை மறந்து, "பால் ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்ததா, வெளிய இருந்ததா?" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் கொடுக்க, தலைவர் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். மணி அடித்தபோது யாரும் எழுந்து போகவில்லை.

ஆனாலும் நடந்தது நடந்ததுதானே. கூட்ட அறையில் மூன்று பேரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். எக்ஸ்பிரஸ் எதிர்ப்பக்கம்.

"சுத்தி வளைக்க விரும்பல," என்றார் தலைவர் அம்மா. "பசங்களுக்கு முன்னாடியே கேள்வியும் பதிலும் போயிருக்கு. யார் குடுத்தது?"

மனைவி பெயரைச் சொன்னால் அவர் தப்பிக்கலாம். அவள் ஒப்பந்தத்தை அதோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். தானே கொடுத்தேன் என்றால் மூன்றாவது வாய்ப்பும் போயிற்று, மானமும் போயிற்று.

"எனக்குத் தெரியாது," என்றார். அவ்வளவு சின்ன வாக்கியத்தை அவர் வாயிலிருந்து டீன் கேட்டதே இல்லை.

கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்து நின்றாள். "நான்தான் மேடம் குடுத்தேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க?"

"ஆய்வகப் பயிற்றுநர். இவரோட மனைவி."

"அவருக்குத் தெரியாதுன்னு நாங்க எப்படி நம்பறது?"

"தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டார்." அவள் நிறுத்தவில்லை. "பசங்க பேசலைன்னு ரெண்டு தடவை எழுதினீங்க. பசங்க மேல தப்பே இல்ல மேடம். இவர் பேச விடணுமே! கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து எனக்கே இவர்கிட்ட ஒரு பேச்சை முழுசா முடிக்க வாய்ச்சதில்ல. பதில் முன்னாடியே தெரிஞ்சா, இவர் முந்தறதுக்குள்ள இதுங்களாவது முந்திக்கட்டுமேன்னுதான் பண்ணேன்."

தாடிக்காரர் தாடியைத் தடவுகிற சாக்கில் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் அம்மா சிரிக்கவில்லை.

"கேள்வி கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்கன்னு அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அதைச் சொல்றதுக்கும் அவர் விடணுமே, மேடம்."

இருவரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் ஒரு மர பெஞ்சு. அதன் இரண்டு முனையிலும் உட்கார்ந்தார்கள். எக்ஸ்பிரஸுக்குள் ஆத்திரம் கொதித்தது. பசங்க முன்னால், டீன் முன்னால், எவளோ ஒரு அம்மா முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் திரும்பினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்தது வேறு மாதிரி வந்தது.

"வீட்லயுமா நான் அப்படி?"

அவள் பதில் சொல்லவில்லை. இல்லவே இல்லை என்று தானே சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். யாரோ கோப்புகளோடு கடந்து போனார்கள். எதிர் அறையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

"நானும் இங்கதானே ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு. "நம்ம பொண்ணு அப்ப கைக்குழந்தை. ஒருநாள் வந்து கேட்டீங்க, 'பட்டத்தை முடிக்கப் போறியா, விட்டுடலாமா'ன்னு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அப்போது தான் என்ன சொன்னோம் என்பதும் ஞாபகம் இருந்தது. 'இப்போதைக்கு விட்டுடுவோம், அப்புறம் பாத்துக்கலாம்.' அவள் சம்மதித்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ என்ன சொல்ல வந்தே?"

கூட்ட அறைக் கதவு திறந்து அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார். "சார், முடிவு சொல்லக் கூப்பிடறாங்க. உள்ள வாங்க."

"இருக்கச் சொல்லுங்க," என்றார் எக்ஸ்பிரஸ், திரும்பாமலேயே.

"சார், எல்லாரும் காத்துக்கிட்டு..."

"இருக்கட்டும்ங்க." மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "நீ சொல்லு."

"முடிக்கணும்னு சொல்ல வந்தேன்," என்றாள். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் எழுத வேண்டியிருந்தது, ஆராய்ச்சி வழிகாட்டி இரண்டு முறை ஆள் அனுப்பினார், தன்னோடு சேர்ந்தவள் இன்று வேறு ஊரில் பேராசிரியர், வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதத்தில் தனக்குச் சோறு இறங்காது, அதே பதவிக்காக இவர் சாப்பாட்டு மேசையில் குட்டிக்கரணம் போட்டதைப் பார்க்கும்போது தனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் அழுதுகொண்டே சொன்னாள், திட்டிக்கொண்டே சொன்னாள், சொன்னதையே மறுபடியும் சொன்னாள். உதவியாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எக்ஸ்பிரஸ் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதுகூட அவள் பேச்சை வெட்டுவதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அவள் பேசி முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் எழுந்து உள்ளே போனார். தலைவர் அம்மாவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"முடிவு சொல்லக் கூப்பிட்டா இப்படியா காக்க வைப்பீங்க? உங்க மனைவியோட வேலைக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல, எச்சரிக்கையோட விட்டாச்சு. வகுப்போட பின்பாதி நல்லாத்தான் இருந்தது. ஆனா முன்னாடியே தயார் பண்ணின வகுப்பைக் கணக்குல எடுக்க விதி இடம் கொடுக்கல. உங்களுக்குப் பதவி உயர்வு இல்லைன்னு தீர்மானம் பண்ணிட்டோம். அது தெரிஞ்சுதான் உள்ள வராம உக்காந்திருந்தீங்களா?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க, அது இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும். வெளிய என் மனைவி பேசிக்கிட்டு இருந்தாங்க. முடிக்கட்டும்னு இருந்தேன்."

அதற்கு அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.