அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

"ஆக்கள் கூப்பிடுற பேர் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ பிள்ளை, அடைப்புக்குள்ள போட்டுவிடுவம்" என்றார் நவரத்தினம், தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

மரண அறிவித்தலில் மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்ற கிளெமென்ற். புளோறன்ஸின் அன்புக் கணவர். மரியகொறற்றி, றேமண்ட் ஆகியோரின் பாசமிகு தந்தை. நாளை பின்னேரம் வீட்டில் செபம், பிறகு மாதம்பிட்டி மயானத்தில் நல்லடக்கம். தம்பி றேமண்ட் சொல்லிவிட்டபடியே கொறற்றி சொல்ல, பத்திரிகைக்கு விளம்பரம் எடுக்கும் நவரத்தினம் குண்டு குண்டாக எழுதினார். கொட்டாஞ்சேனையில் பாதிப் பேருடைய ஞானஸ்நானப் பெயர் கோவில் பதிவோடு சரி. 'சூப்பி' செத்தார் என்றால் தெரு திரண்டு வரும். 'செபஸ்தியான்' செத்தார் என்றால் ஆரது என்று கேட்கும். ஆகையால் அடைப்புக்குறி இல்லாத அறிவித்தல் நவரத்தினத்துக்கு அரைகுறை அறிவித்தல்.

பப்பாவுக்குத் தெருவில் அப்படிப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. இல்லை என்று சொல்லிவிட்டுக் கொறற்றி எழும்பியிருக்கலாம். ஆனால் எழும்பாமல், "கணவாய்" என்றாள்.

நவரத்தினம் சிரிக்கவில்லை. இதைவிட மோசமான பெயரெல்லாம் அவர் அச்சேற்றியிருக்கிறார்.

அந்தப் பெயரால் பப்பாவை அழைத்தவர்கள் ஒருவரும் அவரைக் கண்டதில்லை. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்தைச் சம்பளமில்லாமல் கட்டிக்கொண்டிருந்த கூட்டம் அது. ஓய்வு பெற்ற பிறகு அதற்குள் விழுந்த மனுசன் எழும்பவேயில்லை. அங்கே சேர ஒரு பெயர் கேட்டபோது குசினியில் மம்மா கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் காரணம். மீன், துறைமுகம், பழைய கப்பல்கள் என்று எழுதினார். பிறகு, எழுதுகிறவர்கள் ஒரு சொல்லுக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறும்போது இடையில் போய் நிற்கத் தொடங்கினார். யுத்தத்தைப் பற்றிய பக்கங்களில் அந்தச் சண்டை ஓயாது. ஒரு பக்கம் இவரைத் துரோகி என்றது, மறுபக்கம் புலி என்றது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் அடுத்த சண்டை வந்தால் இரண்டு பக்கமும் இவரிடம்தான் வந்தன.

பப்பா செத்த இந்த மாதம் அங்கே பிணக்குத் தீர்க்கும் நடுவர்களுக்குத் தேர்தல் வந்தது. துறைமுகத்தில் தொழிற்சங்கத் தேர்தலுக்குக்கூட நிற்காத பப்பா இதற்கு நின்றார். ஆதரவோ எதிர்ப்போ, எல்லாரும் பார்க்க எழுதி வாக்களிக்கும் முறை. காலையில் பாணும் கையுமாகக் கம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இன்றைக்கு யார் ஆதரவு என்று மம்மாவுக்குச் சத்தமாக வாசிப்பார். மம்மாவும் பெரிய ஆட்கள்தான் போல என்று ஓம் போட்டுக்கொண்டு தேங்காய் துருவுவாள். அப்போதுதான் பனிமலை என்ற பெயரில் எழுதும் ஒருவர் கேள்வி ஒன்றைப் போட்டார். அடுத்தவர் வழக்கைத் தீர்க்க வருகிறவர் தன் பெயரையும் ஊரையும் ஏன் மறைக்கிறார்? பெயர் சொல்லவே பயப்படுகிறவரின் தீர்ப்பை எப்படி நம்புவது?

சொல்ல முடியாது, காரணமும் சொல்ல முடியாது என்று பப்பா ஒரே வரியில் பதில் போட்டார். காரணத்தைச் சொன்னால் ஊரைச் சொன்னதாகிவிடும். ஆட்களைக் கடத்திக்கொண்டு வெள்ளை வான் ஓடிய காலம். முந்தின வருடம் தமிழ்ப் பெடியங்களைத் தேடிய ஒரு சுற்றிவளைப்பில் றேமண்டைக் கொண்டுபோய்க் கிழமைக்கணக்கில் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டினால் அவன் பின்பக்கம் போய்விடுவான். இரண்டு பக்கமும் திட்டுகிற ஒரு பெயருக்குக் கீழே அந்த வீட்டின் விலாசத்தை எப்படி எழுதுவது? இதொன்றும் தெரியாதவர்கள் அந்தப் பதிலைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு ஏறிக்கொண்டே போனது.

"குளிர் நாட்டில கதவைப் பூட்டிப்போட்டு இருந்துகொண்டு என்ர பேரைக் கேக்கிறான்" என்றார் பப்பா. பனிமலை என்று பெயர் வைத்தவன் வேறெங்கே இருப்பான்? கோபமாகச் சொன்னாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தோற்பதைக்கூடத் தாங்கியிருப்பார். தன்னை ஒளிப்புக்காரன் என்று அவர்கள் நினைக்கிறார்களே என்பதுதான் அவரை அரித்தது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனவர், திரும்பி வர பஸ்சுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

மாரடைப்பு என்றார்கள். கொறற்றிக்கு அது விளங்கத்தான் செய்தது. ஆனால் மனம் பனிமலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பேப்பர் இப்போது இணையத்திலும் வருகிறது, அவன் பார்க்கட்டும். செத்தது யார், எந்த ஊரில் என்று பார்த்து அவனுக்கும் ஒரு நாளைக்காவது சோறு இறங்காமல் போகட்டும். அந்த ஆத்திரத்தில்தான் நவரத்தினத்திடம் பெயரைச் சொன்னாள்.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. முதலில் கண்டவள் பப்பாவின் தங்கை மேபல் மாமி. செத்த மனுசனுக்கு மீன் பெயரா என்று தொடங்கியவளை மம்மாவின் அழுகைதான் நிறுத்தியது. றேமண்ட் பேப்பரை வாங்கிப் பார்த்தான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதை மடித்தான். பிறகு கொறற்றியைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்டிருக்கிறாய் அக்கா" என்றான். "பேர், வீட்டு நம்பர், நேரம், எல்லாம் போட்டுக் குடுத்திருக்கிறாய். பப்பா வாயைத் திறக்காமல் இருந்தது என்னத்துக்கு?"

பப்பா போய்விட்டார், இனி யாருக்கு என்ன வந்தது என்றுதான் நினைத்திருந்தாள். உயிரோடு இருக்கிறவனை மறந்துவிட்டாள்.

"எனக்கு இன்னொருக்கா அங்க போக ஏலாது" என்றான் றேமண்ட். அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வாசலைப் பார்த்தபடி இருந்து, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். துறைமுகத்தில் பப்பாவோடு வேலை செய்தவர்கள், கோவில் சபைக்காரர், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம், றேமண்ட் வேலை செய்யும் புறக்கோட்டைக் கடையின் முதலாளி மஹ்ரூப். எல்லாம் தெரிந்த முகங்கள். சாவீட்டில் ஆட்களைக் கண்டு இப்படி நிம்மதிப்பட்டவள் ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

செபம் தொடங்கச் சற்று முன்னால் தெரியாத முகம் ஒன்று வந்தது.

ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளைச் சேட்டு, கையில் மடித்த பேப்பர், நெற்றியில் அழித்தும் முழுதாக அழியாத திருநீறு. வாசலில் செருப்பைக் கழற்றுவதா என்று யோசித்து, கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பெட்டியைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தார். வீட்டில் கதை நின்றது. அந்த நாட்களில் சாவீட்டுக்கு வரும் தெரியாத ஆளை எல்லாரும் உளவு பார்க்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். றேமண்டைக் காணவில்லை. குசினிக் கதவு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கொறற்றி எழும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்றாள். நீங்கள் ஆர் என்று கேட்டாள், மரியாதையாகக் கேட்கவில்லை.

"என்ர பேர் கதிர்காமநாதன்" என்றார். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. வெள்ளவத்தையில் பிளட்டில் இருப்பதாகவும், கொம்பனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் எக்கவுண்டன் என்றும், சொந்த ஊர், மனைவி வேலை செய்யும் இடம் என்றும், செக்பொயின்டில் நிற்பவர் போலக் கேட்காததையெல்லாம் சொன்னார். பிறகுதான் குரலைத் தாழ்த்தினார். "அங்க எனக்குப் பனிமலை எண்டு பேர்."

அவருக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வாய்க்குள் இருந்தது. குளிர் நாட்டுக்காரனின் சேட்டு வியர்த்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"நீங்கள் வெளிநாடு எண்டெல்லோ பப்பா நினைச்சவர்."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். எனக்கும் பாதுகாப்பு எண்டு விட்டிட்டன்." பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். "அவரையும் நான் கனடா எண்டுதான் நினைச்சன் தங்கச்சி. பயமில்லாத இடத்தில இருந்துகொண்டு பேரை ஒளிக்கிறார் எண்டு கோவம். செவ்வாயில இருந்து அவர் ஒண்டும் எழுதேல்லை. காலமை பேப்பரில துறைமுகமும் கணவாயும் ஒண்டாக் கிடந்துது."

பார்த்த உடனே தன் எதிர்ப்பு வாக்கை ஆதரவாக மாற்றினாராம். கணவாய் யார், எங்கே இருந்தவர், இறந்துவிட்டார் என்பதையெல்லாம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் இந்த வீட்டுக்காரர் பாடு என்றார். ஏன் மாற்றினாய் என்று அங்கே சனம் அவரைப் போட்டுக் குடைகிறதாம்.

"என்ன சொன்னனீங்கள்?"

"சொல்ல முடியாது, காரணமும் சொல்ல முடியாது எண்டு எழுதினன்."

பப்பா வெல்லுவாரா என்று கேட்டாள் கொறற்றி. சின்னப் பிள்ளை கேட்பது போலிருந்தது அவளுக்கே. வாக்கெடுப்பு இன்று பின்னேரத்தோடு முடிகிறது என்றார். ஒரு பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"இல்லை" என்றார். "என்னாலதான்."

அவள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கையால் பெட்டியைக் காட்டினாள். அவர் போய்க் குனிந்து பப்பாவின் முகத்தைப் பார்த்தார். சாவீட்டில் மற்றவர்கள் பார்ப்பது கடைசி முறையாக. இந்த மனுசன் முதல்முறையாகப் பார்க்கிறார் என்று உறைத்தபோது, காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது. மேபல் மாமி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

செபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். தூக்குகிற நேரம் குசினிக் கதவு திறந்து றேமண்ட் வந்தான். உள்ளே நின்று எவ்வளவு கேட்டானோ தெரியாது. கண் சிவந்திருந்தது. முன்பக்கக் கைப்பிடியைப் போய்ப் பிடித்தான். துறைமுகத்து ஆட்களும் மஹ்ரூப்பும் மற்றக் கைப்பிடிகளைப் பிடித்தார்கள். கதிர்காமநாதன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோடு ஒதுங்கி நின்றார்.

றேமண்ட் அவரைப் பார்த்தான். பிறகு, பிடித்திருந்த கையை ஓரமாகத் தள்ளி, கைப்பிடியில் இன்னொரு கைக்கு இடம் விட்டான்.