ஸ்கோப்புக்குப் புளி போட்ட கதை

1964ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் காலையில், பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த காஜா மைதீனின் வலது காது காரைக்குடியில் வைத்துத் துலக்கப்பட்டுப் போய்விட்டது. துலக்கியவள் அந்த வீட்டில் வேலைக்கிருந்த அன்னக்கிளி. அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. பெருநாள் என்றால் வீட்டுப் பித்தளை அத்தனையையும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பது அவள் வழக்கம். குடம், செம்பு, படிக்கம் எல்லாம் முடிந்தும் கையில் புளி மிச்சமிருந்தது. ஜன்னலில் இருந்த, துப்பாக்கியில் மாட்டித் தூரம் பார்க்கும் ஸ்கோப்பின் கண்ணாடியில் ஊதா நிறம் ஓடியது. களிம்பு ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, கண்ணாடி முழுக்கப் புளியை அப்பி, ஓரத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தித் தேய்த்தாள்.

காஜா மைதீனின் மனைவி ஜாஹிதாவுக்கு அந்த ஸ்கோப் கல்யாணச் சீராக வந்தது. அவளைப் பெற்ற அத்தா மீரான் சாகிபு மலாயா ரப்பர் தோட்டத்தில் காவல் பார்த்தவர். துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு இதை மட்டும் கொண்டுவந்திருந்தார். மொட்டைமாடியில் நின்று கிழக்கே திருப்பினால் பினாங்கில் புருசன் பாக்கு நிறுப்பது தெரியும். நடுவில் ஒரு கடல் கிடக்கிறதே என்று தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. கல்யாணமான நாலாம் மாதம் கப்பலேறியவரோடு அவள் குடித்தனம் நடத்தியதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

அன்றைக்கும் பார்த்தாள். காது இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது. முகத்தைப் புளி மறைத்திருந்தது. கண்ணும் மூக்கும் மிச்சமிருக்கிறதா என்றே தெரியவில்லை. அன்னக்கிளி பதறி, முந்தானையால் துடைக்க வந்தாள். ஜாஹிதா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தேய்ப்பில் ஆளே போய்விட்டால் என்ன செய்வது?

அடுத்த தெருவில் இருந்த நீலாயதாட்சி, ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்புகளைப் பராமரிப்பவர். காது போனதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. என்ன பொடி என்று மட்டும் விசாரித்தார்.

“இது களிம்பு இல்ல ஜாஹிதா, கண்ணாடிக்குப் போட்ட பூச்சு. போனது போனதுதான், இருக்கிறதக் காப்பாத்துவோம். தேய்க்காதீக. மொதல்ல ஊதணும். வாயால ஊதுனா எச்சி தெறிக்கும்.”

ரிக்சா ஹாரனின் ரப்பர் பந்தைக் கழட்டிக் கழுவிக் காயவைத்து அதைக்கொண்டு ஊதினார்கள். செங்கல்பொடி உதிர்ந்தது, பினாங்கில் பொட்டலக் காகிதங்கள் பறந்தன, காஜா மைதீன் கைலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் ஒதுக்கினார்கள். பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டரைக் கண்ணாடியில் விடாமல் துணியில் நனைத்து, புளி இளகும்வரை வைத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தாமல் ஒற்றியெடுத்தார்கள். ஒருமுறை பட்ட துணி மறுபடி படக்கூடாது என்றார் நீலாயதாட்சி. துணி தீர்ந்தது. அன்னக்கிளி வீட்டுக்கு ஓடி, தன் பிள்ளைகளைப் போட்டு ஆட்டிய தொட்டில் சேலையைக் கொண்டுவந்து கிழித்துக் கொடுத்தாள். துவைத்துத் துவைத்து அது பஞ்சாகியிருந்தது. கடைசியில் விரல்ரேகை போக ஒரு சொட்டு ஸ்பிரிட். பிற்பகல் அசர் தொழுகை நேரத்தில் நெற்றி வந்தது, மூக்கு வந்தது, இரண்டு கண்ணும் வந்தன. ஸ்பிரிட் நெடியில் காஜா மைதீன் தும்மினார். தும்முகிற ஆளைப் பார்த்து அல்லாவுக்கு நன்றி சொல்லி அழுதவள் காரைக்குடியில் ஜாஹிதா ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அதற்குப்பின் ஸ்கோப்புக்கு மூடி போட்டே வைத்தாள். தூசு தெரிந்தால் ஊதினாள், தெரியாவிட்டால் தொடவில்லை. எழுபத்தொன்றில் கடையை விற்றுவிட்டு அவர் ஊர் வந்து சேர்ந்தார். அன்னக்கிளி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவரே போய் அடுப்படி வாசலில் நின்றார்.

“அக்கா, மிச்சத்த இம்புட்டுப் பத்திரமா வச்சிருந்தீகளே, அதுக்கு ஒங்களுக்குத்தான் துவா செய்யணும். இவ வையிறதுல பாதிதான் இனி எனக்குக் கேக்கும்.”

அன்னக்கிளி சிரித்துக்கொண்டே அழுதாள். ஜாஹிதா அவர் சோறு தின்பதை, கை கழுவுவதை, வெற்றிலை போடுவதை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் பேச வந்தவர்கள் தாமாகவே இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். சில வருடம் கழித்து வெள்ளெழுத்துக்கு அவர் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனபோது, கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் வலப்பக்கத்துக்கு மட்டும் ஒரு நூல் கட்டிக் கொடுத்தார்.