எதுவும் விடாத தட்டு

அடையாற்றில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் ரோஸிக்கு வேலை. அடைகாத்த முட்டைகளிலிருந்து கோழிக்குஞ்சின் ஈரல் செல்களை எடுத்துத் தட்டுகளில் வளர்ப்பாள். ஒட்டாத வாணலியின் பூச்சிலும் தீயணைப்பு நுரையிலும் இருக்கும் அழியாத ரசாயனங்களை அவற்றில் சொட்டுச் சொட்டாக விடுவாள். எந்த மரபணு முடுக்கிவிடப்பட்டது, எது அடங்கிப்போனது என்று இரண்டு நாள் கழித்துப் பார்ப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டில் மட்டும் எதையும் விடமாட்டாள்.

அந்த மாதம் பண்ணையிலிருந்து முட்டை வரவில்லை. பட்டினப்பாக்கத்தில் தன் வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளையே கொண்டுவந்து அடைகாக்கும் பெட்டியில் வைத்தாள்.

முடிவு வந்த அன்று அவளால் நம்ப முடியவில்லை. எதுவும் விடாத தட்டில், கொழுப்பைக் கரைக்கும் மரபணு வழக்கத்தைவிட ஒன்பது மடங்கு அதிகமாக இயங்கிக்கொண்டிருந்தது.

"நீ தட்டை மாத்தி வெச்சிருப்பேம்மா. திரும்பப் பண்ணு," என்றார் தலைமை ஆய்வாளர் சாய்நாத்.

மிச்சமிருந்த செல்களில் திரும்பச் செய்தாள். அதே ஒன்பது மடங்கு. மஞ்சள் கருவையே சோதனைக்கு அனுப்பினாள். அதிலும் அதே அழியாத ரசாயனம் இருந்தது. அந்த அறிக்கையைப் படித்த சாய்நாத் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த முட்டையை வீட்ல யாராவது சாப்பிடறீங்களா?"

ரோஸியின் அண்ணி லூர்துமேரிக்கு இது ஏழாம் மாதம். நம்ம வீட்டு முட்டைதான் நல்லது என்று தினமும் இரண்டு அவித்துக் கொடுத்தது ரோஸியேதான்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். ரோஸி அதைப் பிடுங்கினாள்.

"இன்னா ரோஸி, இன்னா ஆச்சு உனக்கு?"

சொன்னாள். அந்த ரசாயனம் கோழிகள் கிளறும் ஆற்று முகத்துவாரச் சேற்றில் இருக்கலாம், எங்கிருந்து வந்ததென்று தெரியாது, முட்டையில் அது நிச்சயம் இருக்கிறது என்றாள்.

லூர்துமேரி இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். "கொயந்தைக்கு இன்னா ஆவும்?"

தட்டில் இருக்கும் செல்லுக்கு என்ன ஆகும் என்று ரோஸிக்குத் தெரியும். "தெரியல அண்ணி," என்றாள்.

மறுநாள் தெருவில் கோழி வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் போனாள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்றாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். "படிச்சிட்டு வந்து பீதி கெளப்பிக்கினு கீறியா?" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. குழந்தை ஒரு மணி நேரம் அசையாவிட்டால் அண்ணி ரோஸியைக் கூப்பிட்டுவிடுவாள்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, அழுகை பலம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்ததில் அந்த ரசாயனம் இருந்தது. குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது, தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், வருடா வருடம் பரிசோதிப்போம் என்றார் டாக்டர். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

"நீ சொல்லு ரோஸி. பாலு குடுக்கட்டுமா?"

முன்பொரு தடவை முட்டை நல்லது என்று அவள் சொன்னதைத்தான் அண்ணி நம்பினாள்.

"குடுங்க அண்ணி."

குழந்தை குடிக்கத் தொடங்கியது. ரோஸி வராந்தாவுக்கு வந்தாள். அண்ணன் சூர்யா லட்டுப் பெட்டியை நீட்டினான். ஒன்றை எடுத்துக்கொண்டாள்.